ஒன்பதாம் வகுப்புக் கணக்கு

பழைய சித்தூர் மாவட்டத்தின் பீலேறு, மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்தும் அதை ஒட்டிய ராயச்சோட்டியிலிருந்தும் குவைத்துக்குப் பிழைக்கப் போவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. டிரைவராக, சமையல்காரராக, வீட்டு வேலைக்காரப் பெண்ணாகப் போனவர்களோடு நர்ஸ்களும் இன்ஜினியர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரைக் கேட்டாலும் நோக்கம் இரண்டுதான்: பிள்ளைகள் படிக்க வேண்டும், கடைசிக் காலத்துக்குத் திருப்பதியில் ஒரு வீடு வேண்டும். திருப்பதியைத் தேர்ந்தெடுப்பது பெருமாளுக்காக மட்டுமல்ல. ஸ்விம்ஸ், ரூயா போன்ற பெரிய மருத்துவமனைகளும், 1954இல் தொடங்கிய வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 2015இல் வந்த ஐஐடியும் அந்த ஊரிலும் அதன் பக்கத்திலும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் படிப்பைத் தனிக் கணக்காகவும் ஓய்வுக் காலத்தைத் தனிக் கணக்காகவும் வைத்திருக்கின்றன. இரண்டும் ஒரே கணக்கு என்பதே என் கட்சி. குடும்பத்தோடு வெளிநாட்டில் இருப்பவர் ஊர் திரும்பும் தேதியை அவருடைய 60 வயது தீர்மானிப்பதில்லை. பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பு தீர்மானிக்கிறது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 371டி பிரிவின்கீழ் 1974இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, ஆந்திரக் கல்லூரிகளில் நூற்றுக்கு 85 இடங்களை உள்ளூர் மாணவருக்கு ஒதுக்குகிறது. 'லோக்கல்' என்று பெயர் வாங்க, இன்டர் (பிளஸ் டூ) தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும்படி தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும். அதாவது ஒன்பதிலிருந்து. ஈஏபிசெட் (பழைய எம்செட்) நுழைவுத் தேர்வின் கவுன்சிலிங்கில் மார்க் பட்டியலோடு ஸ்டடி சர்ட்டிபிகேட்டுகளையும் வரிசையாக எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். குவைத்தில் சிபிஎஸ்இ பள்ளிகள் இருக்கின்றன, படிப்பும் குறைவில்லை. ஆனால் அங்கே பத்தாவது வரை படித்துவிட்டு இன்டருக்கு மட்டும் இங்கே வரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுச் சான்றிதழ்தான் தேறும். பெற்றோர் மாநிலத்தில் பத்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் என்று காட்டி மிச்சமுள்ள 15 இடங்களுக்குப் போட்டியிடலாம். அங்கே மாநிலம் முழுவதும் எதிரே நிற்கும். சித்தூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. தமிழில் படிக்கட்டும் என்று கூப்பிடு தூரத்திலுள்ள வேலூரில் பிள்ளையைச் சேர்த்தாலும் இதே சட்டம் குறுக்கே வரும்.

இனி வயதைக் கூட்டிப் பார்க்கலாம். 27 வயதில் குவைத் போனவர் 28இல் தகப்பனானால், பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அவருக்கு வயது 42. சம்பாதிக்கக் கிடைத்தது 15 ஆண்டுகள். குவைத்தில் வெளிநாட்டவருக்கு அரசு ஓய்வூதியம் கிடையாது. இருப்பது வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரும் இண்டெம்னிட்டி மட்டும். 2010ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம்; மொத்தம் ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. குடும்பத்தை அழைத்துக்கொள்ள 800 தினார் சம்பளம் வேண்டும் என்று 2024இல் விதி வந்தது. அந்த 800 தினாரையே கடைசிச் சம்பளமாக வைத்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10,300 தினார். தினாருக்கு 270 ரூபாய் என்றால் 28 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு சதவீத வட்டியில் போட்டால் மாதம் 16,000 ரூபாய். மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல் பார்த்த குடும்பம், கல்லூரிச் செலவு தொடங்க நான்கே ஆண்டு இருக்கும்போது, இதை நம்பி இறங்க முடியுமா?

முடியாது என்பது தெரிந்தும் சேமிப்பு போகும் இடம் வீடுதான். திருச்சானூர் பக்கமோ கரகம்பாடி சாலையிலோ அங்கணம் என்னும் உள்ளூர் அளவில் மனை வாங்கி, கடன் வாங்கி மாடி எழுப்பி, கீழே வாடகைக்கு விட்டு மாடியைப் பூட்டி வைக்கிறார்கள். முதல் பத்து ஆண்டுச் சம்பளம் அந்தப் பூட்டுக்குள் போய்விடுகிறது. மனை விலை ஏறத்தானே செய்கிறது என்பார்கள். ஏறுகிறது, ஆனால் வீட்டு வாடகை பொதுவாக அதன் மதிப்பில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஓர் அறையை மட்டும் விற்கவும் முடியாது. வீடு வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. மாத வருமானத்துக்கு வழி செய்யாமல் வீட்டில் கை வைக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்தே என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கி வைப்பின் வட்டிக்கு, வெளிநாட்டில் வசிப்பவர் என்ற நிலை நீடிக்கும்வரை இங்கே வரி இல்லை. இந்தச் சலுகையின் ஆயுளும் திரும்பும் தேதியோடு முடிகிறது என்பதால், முதல் பத்து ஆண்டுகளைச் செங்கலுக்குக் கொடுப்பது இரட்டை நஷ்டம்.

மூன்று மறுப்புகள் வரும். தாயும் பிள்ளையும் முன்னால் வந்துவிட்டால் தகப்பன் இன்னும் பத்து ஆண்டு இருக்கலாமே என்பது முதலாவது. இருக்கலாம், பலர் இருக்கிறார்கள். ஆனால் அது இரண்டு குடித்தனச் செலவு. பிள்ளையின் பதின்வயது தகப்பனில்லாமல் போகும். விலை இதுதான் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். என்ஐடி, என்ஆர்ஐ கோட்டா இருக்கிறதே என்பது இரண்டாவது. வளைகுடா ஊழியர் பிள்ளைகளுக்கு என்ஐடிகளில் உள்ளூர்க் கட்டணத்திலேயே தனி இடம் உண்டு என்பது உண்மை. அதற்கும் ஜேஇஇ ரேங்க் வேண்டும். மருத்துவத்தில் என்ஆர்ஐ இடத்தின் கட்டணம் சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாது. நடுத்தர மார்க் வாங்கும் பிள்ளைக்குக் கடைசிப் புகலிடம் அந்த 85தான். மூன்றாவது மறுப்புதான் கனமானது: 150 தினார் சம்பளத்தில் தனியாக இருப்பவருக்கு இதெல்லாம் எதற்கு? அவர் பிள்ளைகள் பாட்டியிடம் வளர்ந்து தானாகவே லோக்கல் ஆகிவிடுகிறார்கள். உண்மை, அதனாலேயே அவருக்குத் திரும்பும் தேதி என்று ஒன்று இல்லாமல், உடம்பு முடியாமல் போகும்வரை தள்ளிக்கொண்டே போகிறது. அதே சட்டக் கணக்கில் 15 ஆண்டுக்கு அவருக்குக் கிடைக்கும் இண்டெம்னிட்டி ஐந்து லட்சத்துச் சொச்சம். தேதி மிகவும் தேவைப்படுவது அவருக்குத்தான்.

அரசு செய்யட்டும் என்றால், செய்து பார்த்தது. இத்தகைய தொழிலாளருக்காக 2012இல் மத்திய அரசு தன் பங்கும் போட்டுத் தொடங்கிய மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா, சேர ஆளில்லாமல் 2017இல் கைவிடப்பட்டது. கேரளம் 2008இல் சட்டம் இயற்றி, சந்தா கட்டும் வெளிநாட்டு ஊழியருக்கு வாரியத்தின் வழியே ஓய்வூதியம் தருகிறது. ஆந்திரமும் தமிழ்நாடும் அதைப் பார்த்துச் செய்யலாம். அதுவரை குடும்பம் செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவது: மூத்த பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே ஒன்பதாம் வகுப்பின் ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டுக்குள் மாதம் எவ்வளவு வரும்படி செய்ய முடியும் என்று பார்த்து, மிஞ்சியதில் வீடு கட்டுவது. வீடு சின்னதாகத்தான் வரும். ஆனால் அதில் குடியிருக்க ஆள் இருக்கும்.