முதல் கேமராவுக்கு ஒரு பிள்ளையார் சுழி!

காரைக்குடியில் திருப்பத்தூர் பஸ் ஏறுங்க. குன்றக்குடி மலை கண்ணில் பட்டதும் ஜன்னலோரத்துக்கு நகர்ந்துடுங்க. மொத்தம் 12 கிலோமீட்டர்தான்... பிள்ளையார்பட்டி வந்துடும்! குன்று, அதைக் குடைந்த கோயில், முன்னால் குளம், குளத்துக்குள் தலைகீழாக ஒரு கோபுரம். 'முதல் கேமரா எது வாங்கலாம்?'னு கேட்கிறவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான். 'கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஏரியாவில் ஒரு நாள் சுத்துங்க!'

ஒரு கேமராவுக்கு வைக்க வேண்டிய அத்தனை டெஸ்ட்டும் இந்த வட்டாரத்தில் இருக்கு பாஸ். சும்மாவா? ஏவி.எம். செட்டியார் 1940-களில் காரைக்குடியில் ஸ்டுடியோ போட்டு, 1947-ல் 'நாம் இருவர்' படத்தைக் கொடுத்த மண்ணாச்சே!

நம்ம கேண்டிடேட், என் சித்தப்பா பொண்ணு. பிளஸ் ஒன் படிக்கிறா. செல்போனில் அவள் எடுத்த படங்களைப் பார்த்து எங்க காலேஜ் போட்டோகிராஃபி கிளப்பே வாயைப் பிளந்தது. சித்தி கோயில் வாசலில் அருகம்புல் மாலை கட்டி விக்கிறாங்க. கேமரா பட்ஜெட் 30,000 ரூபாய். ''தம்பி, ரெண்டு வருஷமா கட்டுன சீட்டுப் பணம்ப்பா. இன்னொரு தடவை புரட்ட முடியாது. பார்த்துச் செய்யி''னு சித்தி சொன்னப்போ, செமஸ்டர் எக்ஸாமைவிட பயமா இருந்தது.

'எத்தனை மெகாபிக்சல்?'னு ஆரம்பிக்காமல், அவள் போனில் இருந்த படங்களில் சொதப்பியதை மட்டும் தனியாகப் பிரிச்சோம். படம் ஏன் கெட்டுதுன்னு தெரிஞ்சா, என்ன வாங்கணும்னு தெரிஞ்சிடும். காரைக்குடியில் கல்யாண போட்டோ எடுக்கிற நண்பரிடம் ஒரு நாள் வாடகைக்கு ஒரு டிஎஸ்எல்ஆர், ரெண்டு லென்ஸ். கிளம்பியாச்சு!

காலை 5 மணி: கோயில் வாசல்

சொதப்பலில் முதல் இடம், மாலை கட்டும் சித்தியின் விரல்களுக்கு. குண்டு பல்பு வெளிச்சம். போன் சென்சார் சின்னது. இருட்டில் புள்ளிகளை அழிக்கிறேன் பேர்வழின்னு விரலில் இருக்கிற கோடுகளையும் சேர்த்து அழிச்சிடும்.

இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் மூளைக்கு வேலை. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுசா ஜூம் பண்ணினா அபர்ச்சர் எஃப் 5.6. தனியாகக் கிடைக்கும் 50 எம்.எம். லென்ஸில் எஃப் 1.8. ஐந்தரையை ஒண்ணே முக்காலால் வகுத்து ஸ்கொயர் பண்ணிப் பாருங்க... கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம்! ஒரு செகண்டில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருந்த இடத்தில் எண்பதில் ஒரு பங்கு போதும். விரல் ஆடாமல் நின்றது. அருகம்புல்லில் இருந்த தண்ணீர்த் துளி வரைக்கும் தெரிஞ்சது.

கேமராவைச் சித்தியிடம் கொடுத்துட்டுத்தான் கோயிலுக்குள் போனோம். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொன்னது தெரியும்தானே? கருவறையில் பாறையோடு பாறையாகச் செதுக்கிய கற்பக விநாயகர். ஆறடி உயரம், இரண்டே கை, வலப்பக்கம் சுழித்த தும்பிக்கை. வடக்கே பார்த்து உட்கார்ந்திருப்பதால் விளக்கு வெளிச்சம்தான் அழகு. ''சைடுல இருந்து லைட் விழறதாலதாண்ணா தும்பிக்கை வெளியே வர்ற மாதிரி தெரியுது''ன்னா அவள். கேமராவே இல்லாமல் ஒரு லைட்டிங் கிளாஸ்!

பகல் 11 மணி: ஆத்தங்குடி

பைக்கில் ஆத்தங்குடி. கண்ணாடி மேல் உலோக அச்சை வச்சு, பூப்பூவாக வண்ண சிமென்ட்டை ஊத்துறாங்க. மேலே மணலும் சிமென்ட்டும். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தா, கண்ணாடி பட்ட பக்கம் தானாகப் பளபளக்குது. ஷட்டரை 500-ல் வச்சா ஊத்தும் சாயம் அந்தரத்தில் நிற்குது. 15-க்கு இறக்கினா கை மட்டும் புகை மாதிரி ஓடுது. எது வேணும்னு முடிவு பண்றது அவள். போனின் ஆட்டோ மோடில் கிடைக்காத சுதந்திரம் இதுதான்.

மதியம் 3 மணி: கானாடுகாத்தான்

செட்டிநாட்டு வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கு. திறந்திருக்கும் வீட்டில் அனுமதி கேட்டுப் போங்க. முற்றத்தில் சுள்ளென்று வெயில், சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்களுக்குப் பின்னால் இருட்டு. போன் இரண்டையும் ஒரே மாதிரி வெளுக்க வைக்கும். இங்கே வெயிலுக்கு அளவு வச்சு 'ரா' ஃபைலாக எடுத்தோம். நிழலைப் பின்னாடி கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கினா போதும், வீடு வீடாகவே இருக்கு. ஆனா, 50 எம்.எம். இந்த ஹாலுக்குள் அடங்கலை. கிட் லென்ஸின் 18 எம்.எம். காப்பாத்துச்சு. ஆக, ரெண்டு லென்ஸும் வேணும்!

வாங்கும் படலம்

லிஸ்ட் ரெடி. ஆட்டோஃபோகஸ் வேகத்தில் மிரர்லெஸ்தான் கில்லி. ஆனா லென்ஸோடு கூட்டினா நம்ம பட்ஜெட் தாங்காது. கேனானும் நிகானும் 2020-க்கு அப்புறம் முழுக்கப் புதுசா டிஎஸ்எல்ஆர் மாடல் கொண்டு வரலை. அதனால் பழைய மார்க்கெட்டில் நல்ல பாடிகள் சல்லிசாகக் கிடைக்குது. 2018-ல் வந்த கேனான் 1500டி, நிகான் டி3500 ரெண்டுமே 24 மெகாபிக்சல். முதல் கேமராவுக்கு இது தாராளம்.

நிகான் பக்கம் போனா ஒரு விஷயம் உஷார். டி3500, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'ஏஎஃப்-டி' லென்ஸ் மாட்டினா கையால்தான் ஃபோகஸ் பண்ணணும். 'ஏஎஃப்-எஸ்'னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க.

செகண்ட் ஹேண்டில் வாங்குறவங்க இதையும் செக் பண்ணுங்க. லென்ஸுக்குள் டார்ச் அடிச்சு சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க. எஃப் 16-ல் வெறும் வானத்தை எடுத்தா, சென்சாரில் இருக்கிற தூசி கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். ஷட்டர் எத்தனை க்ளிக் அடிச்சிருக்குன்னு கேளுங்க. நிகான் படங்களில் அந்த எண்ணிக்கை ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். இந்த ரகக் கேமராக்களின் ஷட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் க்ளிக் ஆயுள்னு கணக்கு.

கடைசியில் பழைய 1500டி, கிட் லென்ஸ், 50 எம்.எம்., மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி எல்லாம் சேர்த்து 27,500 ரூபாய். மிச்சம் சித்தியிடமே போயிடுச்சு. ஜூம் லென்ஸ் இல்லையேன்னு அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். விநாயகர் சதுர்த்தித் தேரைத் தூரத்திலிருந்து எடுக்க முடியாது. 'கூட்டத்துக்குள்ள போய் எடுத்துக்கிறேன்'னுட்டா!

மதுரை பழனிகுமாரைத் தெரியும்தானே? இன்ஜினீயரிங் படிச்சவர். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022-ல் தயானிதா சிங்-பாரி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது இவருக்குத்தான். மீன் விற்கும் தன் அம்மாவை வருஷக்கணக்கில் படம் பிடிச்சவர். சப்ஜெக்ட் தேடி அவர் விமானம் ஏறலை.

அதனால் நண்பர்களே, உங்க வீட்டில் ஒரு குட்டி போட்டோகிராஃபர் இருந்தா, மாடல் நம்பரை அப்புறம் தேடுங்க. அந்தப் பிள்ளை யாரை, எந்த வெளிச்சத்தில், எவ்வளவு பக்கத்தில் நின்னு எடுக்குதுன்னு முதல்ல பாருங்க. பட்ஜெட் எவ்வளவு சின்னதா இருந்தாலும், எதுக்குச் செலவு பண்ணணும்னு அந்தப் படங்களே சொல்லிடும்!