எண்ணுக்குள் ஒரு பெயர்

கடைப் பலகையிலோ கடிதத் தலைப்பிலோ 786 என்ற எண்ணைக் கண்டிராத முஸ்லிம் இல்லத்தவர் நம்மிடையே அரியர். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் வரும் தொகை அது. அரபு எழுத்துகள் 28க்கும் 1 முதல் 1000 வரை எண் வகுத்த அம்முறைக்கு அப்ஜத் என்று பெயர். முஹம்மது என்னும் திருநாமத்துக்கு 92. அலீ என்பதற்கு 110. இவ்வெண்களைக் கொண்டு குறி பார்ப்பது நம் மார்க்கத்துக்கு ஒவ்வாதது. நான் சொல்ல வருவது அதுவன்று.

பாரசீக, உருதுக் கவிஞர்களிடம் ‘தாரீக்’ என்றொரு கலை இருந்தது. உடன் பாடிய கவிஞர் ஒருவர் மறைந்தால், மற்றவர் அவரைப் புகழ்ந்து ஒரு தொடர் இயற்றுவார். அதன் எழுத்துகளைக் கூட்டினால் அவர் மறைந்த ஹிஜ்ரி ஆண்டு கிடைக்கும். கல்லறைக் கல்லில் அதனைப் பொறிப்பதும் உண்டு. படிப்பவன் கூட்டிப் பார்த்தாக வேண்டும். கூட்டும் அந்தச் சில நிமிடங்கள் மறைந்தவரின் பெயரோடு அவன் தங்கியிருக்கிறான். இதனினும் நல்ல மரியாதை வேறென்ன?

பிரான்சில் வாழும் என் தங்கை மகன் சென்ற விடுமுறையில் வந்திருந்தபோது தன் பொழுதுபோக்கைப் பற்றிக் கூறினான். அதன் பெயர் ஜியோகேச்சிங். செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலக் காட்டுப் பகுதியில் ஒரு வாளியைப் புதைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிவித்தார். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளித்து வைக்கப்பட்டுள்ளனவாம். கண்டெடுப்பவர் உள்ளிருக்கும் ஏட்டில் தம் பெயரை எழுதி, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

“சில பெட்டிகளுக்கு இடம் நேராகச் சொல்லப்படாது மாமா, புதிரை விடுவித்தால்தான் எண் கிடைக்கும்” என்றான். அவ்வகையில் ஒன்று, உடன் தேடும் நண்பர்களைப் பெருமைப்படுத்த அமைக்கப்படும் புதிர். ஒவ்வொரு குறிப்பும் ஒரு நண்பரைச் சுட்டும். அவர் யார், என்ன செய்தார் என்று அறிந்தால்தான் ஓர் இலக்கம் கிடைக்கும். ஒருவரை அறியாது விட்டால் இலக்கம் குறையும்; பெட்டி அகப்படாது. கேட்டதும் எனக்குத் தாரீக் நினைவுக்கு வந்தது.

சொல்லுக்குள் எண்ணை வைப்பது நம் புதுச்சேரிக்கும் புதிதன்று. பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்பவர் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ என்னும் நூலில், இவ்வூர்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாகவும் அசைகளாகவும் மனனம் செய்திருந்த எண்களைக் கொண்டு, அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. வானியல் கோட்பாட்டை அவர் அறியாதவர் என்று வாரன் எழுதினாலும், அவர் பெயரையும் மறவாமல் எழுதி வைத்தார். எழுதியிராவிடில் அந்த ஞாபக சக்தி தரையில் கிடந்த சோழிகளோடு போயிருக்கும்.

எங்கள் மத்ரஸா அலமாரியில் உள்ள பழைய கிதாபுகளின் முதல் ஏட்டில் மூன்று உஸ்தாதுமார்களின் கையெழுத்துகள் உள்ளன. “இவர்களெல்லாம் யார் ஹஜ்ரத்?” என்று ஒரு மாணவன் கேட்டான். இருவரை அறிந்தவர் இருந்தனர். மூன்றாமவரை அறிந்தவர் எவருமில்லை. அவன் கேள்வியையே ஒரு புதிராக்கினேன். ஒவ்வோர் உஸ்தாதும் யாருக்கு ஓதிக்கொடுத்தார், எந்த வீதியில் வாழ்ந்தார் என்று விசாரித்து வர வேண்டும். பிறகு அவர் பெயரின் அப்ஜத் தொகையைக் கூட்ட வேண்டும். மூன்று தொகைகளும் சேர்ந்தால் தேட வேண்டிய கிதாபும் பக்கமும் தெரியும். அங்கே ஒரு வெற்றுத்தாள், கண்டெடுப்பவர் பெயரெழுத.

பிள்ளைகள் முல்லா வீதி, காஜியார் வீதி என்று வீடு வீடாகச் சென்றனர். ஒரு வாரம் சென்றபின், மூன்றாமவரின் மகள் ஒரு முதிய அம்மையார் என்று இரு சிறுவர்கள் கண்டறிந்து வந்தனர். மழைநாளில் மாணவர்கள் நனையக் கூடாதென்று தாமே அவர்கள் இல்லங்களுக்குச் சென்று ஓதிக்கொடுத்தவராம் அவர். “நாற்பது வருஷமா எங்க அத்தாவ யாரும் கேட்டு வரலியே, நீங்க வந்தீங்களே” என்று கூறி அந்த அம்மையார் பிள்ளைகளின் தலையைத் தடவினாராம்.

பெயர்ப்பலகை வைப்பது எளிது. அதனை நாள்தோறும் கடந்து செல்வதும் எளிது. தேடி அடைந்த பெயரோ நெஞ்சில் நிலைக்கும். உங்கள் இல்லத்துப் பிள்ளைகளிடம் இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: உன் பாட்டனாருக்கு முதன்முதலில் அலிஃப் சொல்லிக்கொடுத்தவர் யார்? விடை தெரியாவிடில், தெரிந்த பெரியவர் ஹயாத்தோடு இருக்கும்போதே அவர்களை அவரிடம் அனுப்பி வையுங்கள்.