அடுப்படிக்கு வெளியே மூன்று நாள்

நான்கு பெண்கள் சேர்ந்து மூன்று நாள் வெளியூர் போகிறோம் என்று சொன்னால், எந்த ஊருக்கு என்று யாரும் கேட்பதில்லை. "வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர்களில் கணவர்கள் உண்டு, வீடியோ அழைப்பில் வரும் மாமியார்கள் உண்டு, எங்களைப் போலவே வேலைக்குப் போகிற பெண்களும் உண்டு. நாங்கள் போவதே சாப்பிடுவதற்குத்தான் என்றால் சிரிப்பார்கள். டல்லாஸ் பக்கத்தில் இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை சிறு ஊர்களில் இருக்கும் பார்பிக்யூ கடைகளைத் தேடி நூற்றுக்கணக்கான மைல் வண்டி ஓட்டுகிறோம். 2013-இல் தொடங்கியது. கொரோனா காலம் தவிர ஒரு வருஷமும் விட்டதில்லை.

தொடங்கியபோது எங்கள் நால்வருக்கும் எச்-4 விசா. கணவரின் வேலையைச் சார்ந்து வந்தவர்களுக்கான விசா அது. நால்வரும் படித்தவர்கள். இருவர் சென்னையில் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். இங்கே சம்பாதிக்க அனுமதி இல்லை. ஓட்டுநர் உரிமம் மட்டும் வாங்கலாம். வாங்கினோம். கையில் இருந்த ஒரே சுதந்திரம் அந்த அட்டைதான் என்பதால் அதை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்தோம். 2015 மே மாதம் விதி மாறி, கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களின் துணைகளுக்கு வேலை அனுமதி கிடைத்தது. அதன்பின் பெட்ரோலுக்கு யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் மதுரை. மற்றவர்கள் ஈரோடு, தஞ்சாவூர், நெல்லை அக்கா. நெல்லை அக்கா சுத்த சைவம். வெள்ளை ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், உருளைக்கிழங்கு சாலட் இவற்றோடு அவருக்குச் சாப்பாடு முடிந்துவிடும். பிறகு எதற்கு வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "திங்கவா வந்தேன்? உக்கார வந்தேன்" என்றார். எங்கள் அம்மாக்களுக்கு அடுப்படியிலிருந்து மூன்று நாள் விடுப்பு கிடைத்தது தீட்டு என்ற பெயரில் மட்டும்தான். அந்த மூன்று நாளும் கொல்லையில், தனித் தட்டோடு. எந்தக் காரணமும் சொல்லாமல் மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட எங்கள் தலைமுறைக்கு இரண்டாயிரம் சதுர அடி வீட்டிலிருந்தும் ஐந்து மணி நேரம் தள்ளிப் போக வேண்டியிருக்கிறது. போகும் முன் சாம்பாரும் குருமாவும் வைத்து, தேதி எழுதி ஒட்டி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போவோம். நான்காவது வருஷம் ஈரோடுதான் அதை நிறுத்தியது. "ரெண்டு முட்டை பொரிக்கத் தெரியாதவங்களா அவங்க?" என்று கேட்டாள். யாரும் பட்டினி கிடக்கவில்லை.

டெக்சாஸின் நடுப்பகுதியில் பார்பிக்யூ என்றால் முதலில் மாட்டு பிரிஸ்கெட். மாட்டின் நெஞ்சுப்பகுதி. உழைத்து உழைத்து இறுகிய தசை, சட்டென்று வேகாது. உப்பும் மிளகும் தடவி, ஓக் விறகின் புகையில், குறைந்த சூட்டில் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலுமோ வைத்தால்தான் இளகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மானியரும் செக் நாட்டவரும் நடத்திய இறைச்சிக் கடைகளில் விற்காமல் மிஞ்சிய கறியைப் புகை போட்டு வைத்தார்கள். பருத்தி பறிக்க வந்த கூலிகள் அதை வாங்கி, பொட்டலத் தாளிலேயே வைத்துத் தின்றார்கள். இன்றும் தட்டு கிடையாது, தாள்தான். ஆனால் அந்த மலிவான கறி இப்போது பல கடைகளில் ஒரு பவுண்டு முப்பது டாலருக்கு மேல்.

லெக்சிங்டன் என்ற சிற்றூரில் ஸ்னோஸ் என்று ஒரு கடை. சனிக்கிழமை மட்டும் திறக்கும், காலை எட்டு மணிக்கு. வெள்ளி இரவே பக்கத்து ஊரில் தங்கி, இருட்டோடு போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே நெருப்பைப் பார்த்துக்கொள்பவர் டூட்சி டோமனெட்ஸ். 1935-இல் பிறந்தவர். ஒரு கறிக்கடையில் ஆள் வராத நாளில் கை கொடுக்கப் போய், 1966-இல் இந்த வேலைக்கு வந்தார். 2008-இல் டெக்சாஸ் மந்த்லி இதழ் இந்தக் கடையை மாநிலத்திலேயே முதலாவது என்று எழுதியபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. அதற்குப் பிறகும் வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் துப்புரவு, பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நாங்கள் முதல்முறை பார்த்தபோது அவர் நீளக் கரண்டிபோன்ற மண்வாரியில் தணலை அள்ளி, நடந்து வந்து, கறி வேகும் தொட்டிக்கு அடியில் பரப்பிக்கொண்டிருந்தார். வெப்பமானி எதையும் பார்க்கவில்லை. இரும்பு மூடிக்கு மேல் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார், அவ்வளவுதான். என் அப்பத்தா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக் காய்ந்ததா என்று பார்ப்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கைக்கணக்கு வீட்டுக்குள் இருந்தபோது யாரும் அதை வித்தை என்று சொன்னதில்லை.

நெருப்பு வீட்டுக்கு வெளியே வந்தவுடன் அது ஆண்களுடையதாகிவிடுகிறது. எங்கள் ஊரில் கிடா வெட்டு என்றால் வெட்டுவதும் அண்டாவில் ஆக்குவதும் ஆண்கள். கல்யாணப் பிரியாணிக்கு மாஸ்டர் வருவார். மாஸ்டரம்மா என்று ஒரு சொல் உண்டா? வெங்காயம் உரிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிற பெண்களுக்குக் கூலியும் குறைவு, பெயரும் இல்லை. அமெரிக்காவிலும் வார இறுதியில் கொல்லைப்புறத்தில் கறி சுடுவது அப்பாவின் வேலை. ஊறவைப்பதும், சாலட் செய்வதும், பிறகு கழுவுவதும் அம்மாவின் வேலை. பாராட்டு தணலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு. டூட்சியைப் பார்க்க வரிசையில் நிற்பவர்கள் அவரை அதிசயம் என்கிறார்கள். அதிசயம் என்று சொல்வதே, பெண்களுக்கு அந்த இடம் இல்லை என்று ஒத்துக்கொள்வதுதான்.

லாக்ஹார்ட் ஊரின் கதை வேறு. கிரைட்ஸ் மார்க்கெட் 1900-இல் தொடங்கியது. 1948-இல் எட்கர் ஷ்மிட் அதை வாங்கினார். வியாபாரத்தை மகன்களுக்கு விற்றார். இறந்தபோது, கட்டடத்தை மகள் நீனாவுக்கு எழுதி வைத்திருந்தார். குத்தகை பற்றி அண்ணன் தங்கைக்குள் ஒத்துவரவில்லை. 1999-இல் அண்ணன் பழைய அடுப்பிலிருந்து தணலை ஒரு தொட்டியில் எடுத்து, தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புதுக்கட்டடத்தில் கடையைத் தொடங்கினார். பெயர் அவரோடு போனது. நீனா பழைய கட்டடத்தில், அப்பாவின் செல்லப்பெயரில், ஸ்மிட்டீஸ் என்று தன் கடையைத் திறந்தார். இரண்டு கடையும் நடக்கின்றன. ஸ்மிட்டீஸில் நுழைந்தால் சுவரெல்லாம் கரி. தரையோடு தரையாக விறகு எரிகிறது. வரிசையில் நிற்கும்போது கணுக்காலில் சூடு படும்.

இந்தக் கதையைக் கேட்ட அன்று ஈரோடு கறியைத் தொடவில்லை. அவள் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. அப்பா இறந்த பிறகு அண்ணன் அனுப்பியிருந்த விடுதலைப் பத்திரத்தின் நகல். 'எனக்குரிய பங்கை மனமுவந்து விட்டுக்கொடுக்கிறேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும். தமிழ்நாட்டில் 1989-இலேயே மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. சட்டம் வந்த வேகத்திலேயே விடுதலைப் பத்திரமும் வழக்கமாகிவிட்டது. "நகை போட்டாச்சு, படிக்க வச்சாச்சு, அமெரிக்காவுல இருக்கறவளுக்கு எதுக்கு?" என்பார்கள். அன்று நெல்லை அக்கா கேட்டது ஒன்றுதான்: "மனமுவந்துன்னு போட்டிருக்கே, உனக்கு உவந்திருக்கா?" ஈரோடு கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் ஒரு வருஷம் பேசவில்லை. அம்மா பேசுகிறார், அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில். நிலம் இன்னும் பாகம் பிரியவில்லை.

தஞ்சாவூர் அதிகம் பேச மாட்டாள். மூன்றாவது பயணத்தில், தாளில் இருந்த பிரிஸ்கெட்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். சின்ன வயதில் அவர்கள் சேரியில் மாட்டுக்கறி உப்புக்கண்டம் கொடியில் காயும். அப்பாவுக்கு அரசு வேலை கிடைத்து டவுனுக்குக் குடிபோனபோது, கொடியில் எதுவும் காயக்கூடாது, டிபன் பாக்ஸில் கொண்டுபோகக் கூடாது, சமைக்கும்போது ஜன்னலைச் சாத்திவிட வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டார். அந்த ஜன்னலைச் சாத்தும் வேலை இவளுடையது. "இங்கே நீங்க சாப்பிட்டா அது அனுபவம். எங்க வீட்டுல சாப்பிட்டா அது சாதி" என்றாள். நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல இருந்தால்தானே.

அவள் கேட்டதால்தான் 2017-இல் டென்னஸிக்குப் போனோம். அங்கே பன்றிக்கறி. மெம்ஃபிஸில் கோஸி கார்னர் கடையைக் கணவருக்குப் பிறகு எடுத்து நடத்திய டெசிரே ராபின்சன் கறுப்பினப் பெண். 2020-இல் பார்பிக்யூவுக்கான புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது. பிரவுன்ஸ்வில்லில் ஹெலன் டர்னர் என்ற கறுப்பினப் பெண் புகை மூட்டத்துக்குள் நின்று பன்றித் தோள்கறி சுடுவதையும் பார்த்தோம். தென்மாநிலங்களில் குழி வெட்டி, இரா முழுக்க நெருப்புக் காத்து, எஜமானர்களின் விருந்துக்குக் கறி சுட்டவர்கள் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். புத்தகங்களிலும் தொலைக்காட்சியிலும் நெடுங்காலம் வெள்ளை ஆண்களின் முகமே இருந்தது. தஞ்சாவூர் வழியெல்லாம் இதைத்தான் பேசினாள். அன்று போல அவள் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த அக்டோபருக்கு அறை போட்டாயிற்று. இந்த முறை தஞ்சாவூரின் மகளும் வருகிறாள். கல்லூரியில் முதல் வருஷம். போகும்போது வண்டியை அவள்தான் ஓட்டுவாளாம்.