அலுமாரிக்கு மேல் வைத்த மட்டை



சென்ற வருடம் என் மகனுக்குப் பாடசாலைக் கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்கவில்லை. "பந்து மட்டையின் நடுவில் படுதில்லை வாப்பா" என்றான். பிறகு பல நாட்கள் என்னோடு பேசவில்லை. குற்றம் என்னுடையதே. போட்டிக் காலம் முடிந்ததும் மட்டையை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்தவன் நான்தான்.

ஹிப்ழ் மாணவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன்? பதினொரு மாதமும் மீட்டாதவன் ரமழானில் தராவீஹ் தொழுவிக்கும்போது தடுமாறுவான் என்கிறேன். அதை என் வீட்டில் மறந்துவிட்டேன்.

அவுஸ்திரேலியாவின் டொன் பிரட்மன் சிறுவயதில் தண்ணீர்த் தாங்கியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகியவர். அவரது டெஸ்ட் சராசரி 99.94.

நாங்களும் பழைய காலுறையில் பந்தைப் போட்டு மாமரத்தில் தொங்கவிட்டோம். தினமும் அஸருக்குப் பின் 50 அடி. முதல் வாரம் தலை அசையக் கூடாது. அடுத்த வாரம் மட்டை நேராக வரவேண்டும். அதன் பிறகே வேகம். மட்டையில் வெண்கட்டி பூசினால், பந்து பட்ட இடத்தில் அது அழிந்திருக்கும். நடுவில் பட்டவற்றை அவனது உம்மா கொப்பியில் குறித்தார். முதல் நாள் 11. மூன்று மாதத்தில் 34.

அணியில் இடம் கிடைக்குமா என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் மகன் இப்போது அஸர் தொழுததும் "வாங்க வாப்பா" என்று என்னைத் தேடி வருகிறான்.

குறைவானாலும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். உங்கள் பிள்ளையின் விளையாட்டைத் தடுக்காதீர்கள். அதற்கொரு நேரத்தைக் குறித்துக் கொடுங்கள்.