சுத்தம் போதாது என்றேன்

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பேன் மருந்து விஷயத்தில் நான் நடந்துகொண்ட விதம் யோக்கியமானதல்ல.

பெர்மெத்ரின் லோஷன் வாங்கிப்போன அம்மாக்கள் திரும்பி வந்து "பேன் போகலையேண்ணே" என்பார்கள். "புள்ள தலையைச் சுத்தமா வெச்சிருக்கீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பேன். கூட வந்த சிறுமி தலைகுனிவாள். அதே லோஷனில் இன்னொரு பாட்டிலை எடுத்து வைத்து, "இந்தத் தடவை ராத்திரி முழுக்க ஊறட்டும்" என்பேன். பத்து நிமிடத்தில் அலச வேண்டிய மருந்து அது. பேனோ, சுத்தமான தலையிலும் சுகமாகக் குடியிருக்கும்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. பெர்மெத்ரின், பேனின் நரம்பில் சோடியம் நுழையும் வாசலை மூடவிடாமல் செய்து அதை முடக்குகிறது. மரபணு மாற்றத்தால் அந்த வாசலின் அமைப்பு மாறிவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. டிடிடி பூச்சிக்கொல்லி தாக்கியதும் இதே இடத்தைத்தான். கொரியப் போர்க் காலத்திலேயே உடற்பேன்கள் அதற்கு மசியவில்லை. தலைப்பேன் பெர்மெத்ரினுக்கு அடங்காதது 1990களிலேயே பிரான்சிலும் இங்கிலாந்திலும் தெரிந்துவிட்டது. 2016இல் வெளியான ஆய்வொன்றில் அமெரிக்காவின் 48 மாநிலங்களிலிருந்து பேன்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். 42 மாநிலங்களில் சோதித்த பேன்கள் அத்தனையிலும் அந்த மரபணு மாற்றம் இருந்தது. எல்லாம் படித்தேன். மறுநாளும் அதே லோஷனைத்தான் விற்றேன்.

லாபம் ஒரு காரணம், மறுக்கவில்லை. அதைவிட, "மருந்து கேட்கல" என்று சொல்ல வாய் வரவில்லை. மருந்தைக் குறை சொன்னால் என் கௌரவம் போய்விடும் என்று ஒரு நினைப்பு. அம்மாவைக் குறை சொல்வதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஒரு பெண் காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கல்லாப் பக்கத்துக் கண்ணாடிமேல் பிரித்தார். லோஷன் போட்டு அலசிய மறுநாள் காலை சீவியவை. வயிறு கறுத்த பேன்கள், காகித மடிப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தன. "நல்லா நடக்குது பாருங்க" என்றார். "நீங்க சரியாத் தேய்ச்சிருக்க மாட்டீங்க" என்றேன். பேனைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

இப்போது டைமெத்திகோன் எடுத்துத் தருகிறேன். அது நரம்போடு மல்லுக்கட்டுவதில்லை. பேன்மேல் படிந்து மூச்சுத்துளையை அடைக்கிறது. பணமில்லை என்பவர்களிடம் பேன் சீப்பைக் கொடுத்து, ஈரத்தலையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் சீவச் சொல்கிறேன். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரே நாளில் சீவி முடித்தால் மிச்சம் இருப்பது பொரிந்துவிடும்.

அந்தப் பெண்ணிடம் மட்டும் இன்னும் பேசவில்லை. அவர் இப்போது எதிர்க்கடைக்குப் போகிறார். தெருவில் பார்த்தால் நான்தான் ஒதுங்கிக்கொள்கிறேன்.