பரீட்சைக்கு வராத நூல்கள்

வாலாஜாபாத்தில் ஸுப்ஹு தொழுது வெளியே வரும் நேரத்தில், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பேருந்துகள் சாலையோரம் நிற்கும். அவற்றில் ஏறுகின்ற இளைஞர்களில் சிலர், சில ஆண்டுகளுக்கு முன்னர் மதரஸாவில் குர்ஆன் ஓதிய பிள்ளைகளே. பன்னிரண்டாம் வகுப்போடு பாடநூல் அவர்களை விட்டு நீங்கிவிடுகிறது. அதன்பின் அவர்கள் ஒரு நூலைக் கையில் எடுப்பார்களா என்பது, பள்ளிப் பருவத்தில் இன்பத்திற்காக எதையேனும் வாசித்தார்களா என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள், மனனம் செய்கிறார்கள். இரண்டும் சிறப்புடையனவே. ஆயினும் வாசித்து மகிழ்வது வேறு. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் ஒரு கதைநூலைக் கொடுத்தேன். "ஹஜ்ரத், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டான். "வராது" என்றதும் திருப்பித் தந்துவிட்டான்.

கதை வாசிப்பது வீண் வேலை என்று கருதும் பெற்றோர் நம்மிடையே உண்டு. ஆனால் கிஸ்ஸா, நாமா, படைப்போர், மஸலா என்று நம் முன்னோர் இயற்றியவை எத்தனை! ஒருவர் வாசிக்க, வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருந்து கேட்டனர். வண்ணப்பரிமளப் புலவர் 1572-இல் இயற்றிய 'ஆயிரம் மஸலா' வினாவும் விடையுமாகவே அமைந்தது. அறிவும் சுவையும் அதில் ஒன்றையொன்று பகைத்துக் கொள்ளவில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவரல்லர். 1938-இல் அவர் வெளியிட்ட 'காதலா? கடமையா?' என்ற நாவலை உ.வே. சாமிநாதையர் பாராட்டி எழுதினார். பள்ளி கொடுத்தது மூன்று வகுப்புகள்தாம். எஞ்சியதை வாசிப்பே கொடுத்திருக்க வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் பல நாடுகளின் 15 வயது மாணவர்களிடையே நடத்தப்பட்ட 'பீசா' ஆய்வும் இதையே காட்டியது. ஆர்வத்தோடு நிறைய வாசித்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள், வாசிப்பில் நாட்டமில்லாத வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட அதிக மதிப்பெண் பெற்றனர்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2022-இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற சிறார் இதழ்களைத் தொடங்கியது. 2023-இல் வந்த வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று நூல்களைப் படிப்படியாக வகுத்தது. நல்ல பெயர்கள்! ஆனால் தேன்சிட்டு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பறக்க வேண்டிய வயதில் பொதுத்தேர்வு வந்து சிறகைக் கட்டிவிடுகிறது.

பள்ளியில் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கலாம். கதைச்சுருக்கம் எழுதி வா என்று சொல்லாதிருக்க வேண்டும். சொன்னால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிடவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும்.

எல்லா நூலையும் கொடுக்கலாமா? கூடாது. பெற்றோர் முதலில் புரட்டிப் பார்க்கட்டும். ஆனால் கைப்பேசியில் என்ன ஓடுகிறது என்று பாராத வீட்டில், கதைநூலுக்கு மட்டும் காவல் வைப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். பையன்கள் எப்படியேனும் நூலகத்தின் வாசலை மிதித்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அத்தாவோ அண்ணனோ எடுத்து வருவதுதான் நூல். விடுமுறை நாளில் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இயலாதபோது, வேண்டிய நூல்களின் பெயரை ஒரு சீட்டில் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.