பெருமாநல்லூர்: வந்தவர்கள் தாங்கும் ஊர்

திருப்பூர்–கோபி சாலையில், சேலம்–கொச்சி நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது பெருமாநல்லூர். கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்துக்குப் பேர்போன ஊர். உழவர் போராட்ட வரலாற்றிலும் இதற்கு நீங்காத இடம் உண்டு. 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். கிணற்று மோட்டாருக்காக உயிரையே கொடுக்கும் அளவுக்கு அன்று ஊர் வெள்ளாமையை நம்பியிருந்தது. எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் 1990-ல் வந்தது. அதற்குள் நிலத்தடி நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. மானாவாரிக் காட்டில் பாடுபடுவது கட்டுப்படியாகவில்லை. தோட்டத்து வீடுகளின் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் கோவைக்கும் போனார்கள். ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்வதும் கொங்கு நாட்டில் பல வீடுகளின் வழக்கமாகிவிட்டது. இந்தப் போக்கில் ஆளற்றுப் போயிருக்க வேண்டிய ஊர் இன்றும் ஊராக இருப்பது, பிழைக்க வந்தவர்களால்தான்.

முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள் வந்தன. பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். அருகே எட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா அமைந்ததும் வேலை ஊர் வாசலுக்கே வந்தது. தரிசாகக் கிடந்த காட்டில் லைன் வீடு கட்டியவர்களுக்கு, மழை பொய்த்தாலும் நிற்காத மாத வாடகை கிடைத்தது. மளிகைக் கடையும் பேக்கரியும் செல்போன் கடையும் இவர்கள் கையிலிருக்கும் சம்பளத்தில் ஓடுகின்றன. உள்ளூர்க் குழந்தைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்ட பின், இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் வருகைப் பதிவேட்டை நிரப்புவதும் இவர்கள் பிள்ளைகளே.

குடிநீர் பற்றவில்லை, குப்பை மலிந்துவிட்டது என்ற குறை உண்மையானது. ஆனால் அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. ஊராட்சிக்கு வரும் நிதிக்கு மக்கள்தொகை முக்கியமான அளவுகோல். நம் கையில் இருப்பதோ 2011-ன் கணக்கு. இன்று குடியிருப்பவர்களுக்கு அன்றைய தலைக்கட்டின்படி பணம் வந்தால் குழாய் வறளத்தான் செய்யும். இவர்கள் நிலையாகத் தங்கமாட்டார்கள், 2020 ஊரடங்கில் ரயிலேறிப் போய்விட்டார்களே என்பார்கள் சிலர். வாடகைக்கும் அரிசிக்கும் வழியில்லாதவர் வேறென்ன செய்வார்? 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது கம்பெனிகளும் மாவட்ட நிர்வாகமும் பதறின. இவர்கள் இல்லாமல் ஒரு ஷிப்டுகூட ஓடாது என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. தங்குவார்களா என்ற ஐயம் ஒரு காலத்தில் தென்மாவட்டத்தாரைப் பற்றியும் இருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் இன்று இங்கே சொந்த வீடு கட்டி, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் முடித்துவிட்டார்கள்.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் வருவார்கள். லைன் வீட்டு உரிமையாளர்களே, ஒவ்வோர் அறையிலும் குடியிருப்பவர்கள் ஒருவர் விடாமல் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.